சனி, ஞாயிறு நாடக வகுப்பு: பிள்ளைகளை அனுப்பலாமா?

கோவையிலும் சுற்று வட்டாரத்திலும் சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளுக்கு ஓய்வு என்பதெல்லாம் பழைய கதை. காலையில் டியூஷன், மத்தியானம் இந்தி வகுப்பு, சாயங்காலம் கராத்தே என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களை வண்டியில் ஏற்றி இறக்குவதே அம்மாமார்களுக்குத் தனி வேலை. இந்த வரிசையில் எங்கள் பகுதியில் நாடக வகுப்பும் சேர்ந்திருக்கிறது. எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் நடிப்புப் பயிற்சி. ‘வள்ளி திருமணம்’, ‘அபிமன்யு சுந்தரி’ மாதிரியான பழைய நாடகங்களிலிருந்து காட்சிகளை எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

“இதெல்லாம் எதற்கு? சினிமாவில் சேர்க்கவா?” என்று தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகளை ஒரு வருஷமாக அனுப்பி வருகிறேன். வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்ததையும், இது சம்பந்தமாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்பெனி

நம் தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுப்பது புதுசே அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918ஆம் வருஷம் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்று ஒரு கம்பெனியை ஆரம்பித்தார். அதில் நடிப்பவர்கள் எல்லாரும் சிறுவர்கள். பிற்பாடு டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் அந்த சபாவில் சேர்ந்து வளர்ந்தவர்கள்தாம். அவர்களில் ஒருவரான டி.கே.ஷண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறே வயது! ஔவையார் வேஷத்தில் பேர் வாங்கி, ‘அவ்வை’ சண்முகம் ஆனது அவர்தான். ‘எனது நாடக வாழ்க்கை’ என்று தம் அனுபவங்களைப் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சகோதரர்கள் முன்னின்று 1944இல் நாடக மாநாடு நடத்தியது நம்ம ஈரோட்டில்தான்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் எல்லாம் இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பயின்று வந்தவர்களே. விடியற்காலையில் எழுந்து பாட்டுப் பாடம், வசனப் பாடம், ராத்திரி முழுக்க நாடகம். பெண் வேஷமும் பையன்களே கட்டுவார்கள். அதற்கு ‘ஸ்திரீ பார்ட்’ என்று பெயர். அந்தப் பயிற்சியில் வந்த குரலும் உச்சரிப்பும் ஞாபக சக்தியும் சாகிற வரைக்கும் அவர்களை விட்டுப் போகவில்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறு வயதிலும் எட்டு வயதிலும் அம்மாவை விட்டு ஊர் ஊராக அலைந்தார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. பாடம் பிசகினால் அடி விழும். பதின்மூன்று, பதினாலு வயதில் குரல் உடையும்; அதை ‘மகரக்கட்டு’ என்பார்கள். நேற்று வரைக்கும் ராணி வேஷம் கட்டிக் கைதட்டல் வாங்கின பையன், குரல் உடைந்ததும் மூலையில் உட்கார வேண்டியதுதான். வறுமையால் விடப்பட்ட பிள்ளைகளே அதிகம்.

நம் கொங்குச் சீமையிலேயே உதாரணம் உண்டு. காவிரிக் கரை கொடுமுடியில் 1908இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், குழந்தைப் பருவத்திலேயே நாடக மேடைக்கு வந்துவிட்டார். எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் சேர்ந்து அவர் நடித்த ‘வள்ளி திருமண’த்துக்குக் கூட்டம் அலை மோதியது. 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்று இன்றும் சொல்வார்கள். பிற்காலத்தில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். அவ்வளவு உயரம் போனவர்தான். இருந்தாலும் ஒரு சின்னக் குழந்தை வயிற்றுப் பாட்டுக்காக மேடை ஏற வேண்டியிருந்ததே என்று நினைத்தால் தாய் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வாரக் கடைசி வகுப்பில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். அந்தப் பயிற்சியின் நல்லது நம் பிள்ளைக்குக் கிடைக்கிறது. வீடும் பள்ளிக்கூடமும் கையை விட்டுப் போகவில்லை.

படிப்பும் கூத்தும் சேர்ந்து

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம் ஒன்று காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்தது. பி.ராஜகோபால் என்கிற கூத்துக் கலைஞர் பத்து வயதிலேயே படிப்பை விட்டு ஆட வந்தவர். தமக்கு நேர்ந்தது மற்ற பிள்ளைகளுக்கு நேரக் கூடாது என்று நினைத்தார். 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தின் மூலமாக, அவரும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், மகாபாரதக் கூத்தும் பயின்றார்கள். ஆண்களே ஆடி வந்த கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். துரியோதனன் வேஷம் கட்டுவது பையன்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஆனது. 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. ஆனாலும் படிப்பையும் கலையையும் ஒரே வண்டியில் பூட்டலாம் என்பதை அது பதினெட்டு வருஷம் நிரூபித்துக் காட்டிவிட்டது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஆண்களே ஆடி வந்த வள்ளி ஒயில் கும்மியை மேட்டுப்பாளையம் தாசம்பாளையத்துப் பத்ரப்பன் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 2024இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் கிராமங்களில் அம்மாவும் மகளும் ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள். அதுவும் வள்ளியின் கதைதான். அதனால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வள்ளி அந்நியமாகப் படவில்லை.

வகுப்பில் என்னதான் நடக்கிறது?

எங்கள் பகுதி வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூடத்தில் நடக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும், மேடை அனுபவமுள்ள ஓர் அம்மையாரும் சேர்ந்து நடத்துகிறார்கள். இருபது பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் செல்போனை ஒரு பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும்! இரண்டு மணி நேரம் போன் இல்லாமல் நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பதற்கே மாதக் கட்டணம் தகும்.

முதலில் மூச்சுப் பயிற்சி. தோளைத் தூக்காமல் வயிறு விரிய மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்க்கிறார்கள். என் மகள் ஆரம்பத்தில் பதினைந்துக்கே திணறினாள். இப்போது முப்பதைத் தாண்டுகிறாள்.

அடுத்தது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனது. இங்கே அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? “மழை வருது” என்று இரண்டே சொல். அதை எட்டு விதமாகச் சொல்ல வேண்டும். காயப்போட்ட மிளகாய் நனைகிறதே என்று பதறும் அம்மா ஒரு விதமாகச் சொல்வாள். வானம் பார்த்துக் காத்திருந்த விவசாயி வேறு விதமாகச் சொல்வார். பள்ளி லீவு கிடைக்கும் என்று நினைக்கிற பையன் இன்னொரு விதம். ஒரே சொல்லுக்குப் பின்னால் இத்தனை மனசு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிகிறபோது, வீட்டில் நாம் பேசுவதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

பிறகு மேடைப் பாடம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அந்த அரங்கு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். பெருவிரல் அளவில் இருபத்து நாலு சேர்ந்தது ஒரு கோல். மூன்று விதமான திரைகள். தூணின் நிழல் ஆடுபவர் மேல் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் அளந்து கோடு போட்டுப் பார்த்தார்கள். கணக்கு என்றாலே ஓடுகிற பையன்தான் முன்னால் நின்று அளந்தான்!

வள்ளியின் வாய்

கடைசியில் காட்சிப் பயிற்சி. ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் பிரசித்தம். ஊர்த் திருவிழாக்களில் அதைக் கேட்கவே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். வள்ளிக்கு என்ன வயசு இருக்கும்? நம் வீட்டுப் பெண்ணின் வயசுதான். காட்டில் தனியாக நிற்கிறாள். முன்பின் தெரியாத பெரியவர் வந்து ஏதேதோ கேட்கிறார். அவள் பயப்படவும் இல்லை, மரியாதைக் குறைவாகப் பேசவும் இல்லை. கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில் சொல்கிறாள்.

நம் பெண்களுக்கு இதுதான் இல்லாமல் போகிறது. பெரிய மனுஷி ஆனதும் “மெதுவாப் பேசு, சத்தம் போட்டுச் சிரிக்காதே” என்று சொல்லிச் சொல்லியே குரலை அடக்கிவிடுகிறோம். பிறகு வயிற்று வலி என்றால்கூட டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நாம்தான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் மகளும் அப்படித்தான் இருந்தாள். ஆறு மாசத்துக்கு முன்னால் மாதவிடாய் வலிக்காக டாக்டரம்மாவிடம் போயிருந்தோம். எங்கே வலிக்கிறது, எத்தனை நாள், எந்த மாதிரி வலி என்று அவளே நிதானமாகச் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. “உங்க பொண்ணு நல்லாச் சொல்றா” என்றார் டாக்டரம்மா. மேடையில் கைதட்டல் வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

இத்தனைக்கும் அவளுக்கு வள்ளி வேஷம் கிடைக்கவில்லை. தோழி வேஷம்தான். ஐந்தே வசனம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். “இனிப் போக மாட்டேன்” என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பேசாமல் நிற்கிற நேரத்திலும் நடிக்க வேண்டும், வள்ளி பேசுவதைத் தோழி உண்மையாகவே கேட்டால்தான் சபையும் கேட்கும் என்று அந்த அம்மையார் சொன்னாராம். கேட்கத் தெரிவதும் ஒரு வித்தைதானே!

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கலைகளில் ஈடுபடுவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது செய்கிறது என்று சொல்கிறது. லண்டனில் 1956லேயே இளைஞர்களுக்காக ‘நேஷனல் யூத் தியேட்டர்’ என்று தனி அமைப்பு தொடங்கிவிட்டார்கள். நாமும் நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு தேவையாக நினைக்கலாம்.

வீட்டில் வரும் எதிர்ப்பு

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தபோது என் மாமியார், “ஏனம்மிணி, வயசுக்கு வந்த புள்ளையக் கூத்தாடவா உடப் போறே? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டுவிட்டார். வீட்டுக்காரருக்கோ வேறு கவலை. “அடுத்த வருசம் பத்தாவது வருதல்ல?” என்றார்.

அத்தையிடம் நான் தர்க்கம் பண்ணவில்லை. “ஒரு நாளைக்கு வந்து பாருங்கத்தே” என்று அழைத்துப் போனேன். பின் வரிசையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, “கோயில் மேடைன்னா ஆடட்டும். சினிமாப் பக்கம் போகப்படாது” என்று தீர்ப்புச் சொன்னார். முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் பேத்தி வசனம் சொல்கிறபோது டி.வி.யை அணைத்துவிடுகிறார்.

பரீட்சை விஷயத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பத்தாவதில் டிசம்பர் வரைக்கும் வாரம் ஒரு நாள் மட்டும் வகுப்பு. ஜனவரியிலிருந்து பரீட்சை முடிகிற வரைக்கும் நிறுத்தி வைப்பது. மார்க் குறைந்தால் என்ன செய்வது என்று மறுபடி உட்கார்ந்து பேசுவது. இதை அவளும் ஒப்புக்கொண்டு காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.

குரலும் உடம்பும்: சில குறிப்புகள்

● குரல் உடைகிற வயதில் பையன்கள் உச்ச ஸ்தாயியில் கத்தக் கூடாது. குரல்வளை வளர்கிற சமயம் அது. வருகிற சுருதியில் பேசினால் போதும். பழைய கம்பெனிகளைப் போல் அவர்களை ஒதுக்காமல், குரலுக்கேற்ற வேஷம் தருகிற ஆசிரியராகப் பாருங்கள்.

● பயிற்சிக்கு முன் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ஐந்து நிமிஷம் முனகுவது நல்ல ஆரம்பம். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் அது மருந்து ஆகாது. குரல் கம்மல் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

● வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அல்லது ஒரு கிண்ணம் கம்பஞ்சோறும் மோரும் போதும். பயிற்சி முடிந்ததும் நிலக்கடலை உருண்டை கொடுத்தனுப்புங்கள்.

● பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. ஒத்திகை என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் நிறுத்தி வைத்தால் தைரியமாக மறுத்துவிடுங்கள்.

● வேஷத்துக்கு அந்தக் காலத்தில் பூசிய ‘அரிதாரம்’ என்பது ஆர்ஸனிக் கலந்த தாதுப் பொருள். அதைக் குழந்தைகள் முகத்தில் பூசவே கூடாது. கடையில் வாங்குகிற பூச்சாக இருந்தாலும் முந்தின நாளே காதின் பின்புறம் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். கலைக்கும்போது தேங்காய் எண்ணெயைத் தடவிப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு முகம் கழுவலாம்.

சேர்க்கும் முன் கவனியுங்கள்

பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். “கூடாது” என்று சொல்கிற இடத்துக்கு அனுப்பவே வேண்டாம். பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு பெண் ஆசிரியையோ பொறுப்பாளரோ கண்டிப்பாக இருக்க வேண்டும். உடை மாற்றத் தனி அறையும், தாழ்ப்பாளுள்ள கழிப்பறையும் உண்டா என்று நேரில் பாருங்கள். தனியே வரச் சொல்லி ஒத்திகை, தனிப்பட்ட போன் செய்தி இவற்றுக்கெல்லாம் இடம் தராதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் வருஷத்து போக்ஸோ சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். இந்த எண் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

“உங்க பையனை சினிமாவில் சேர்த்துவிடுகிறேன்” என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பவர்களிடம் ஜாக்கிரதை! எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி ‘போட்டோ ஆல்பம்’ எடுக்கவே முப்பதாயிரம் கொடுத்து ஏமாந்தது. நல்ல ஆசிரியர் உங்கள் பிள்ளையை நட்சத்திரம் ஆக்குவதாகச் சத்தியம் செய்ய மாட்டார்.

வசதி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. தமிழக அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஐந்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கலைப் பயிற்சி கிடைக்கிறது. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் நாடகமும் உண்டு. வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எதுவுமே இல்லாவிட்டால், தெருவில் ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து, மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் “மழை வருது” விளையாட்டை நீங்களே ஆரம்பிக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

நம் பிள்ளைகள் எல்லாரும் நடிகர்கள் ஆகப் போவதில்லை. யாரோ ஒருத்தர் ஆனால் ஆகட்டும். ஆனால் வேலைக்கான நேர்முகத் தேர்விலும், பெண் பார்க்கும் படலத்திலும், ஆஸ்பத்திரியிலும், பஞ்சாயத்து ஆபீஸிலும் தன் விஷயத்தைத் தானே தெளிவாகச் சொல்ல எல்லாருக்கும் தெரிய வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டை இழந்து பெற்றதை, இன்றைக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் நம் கண் முன்னாலேயே பெற முடிகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் கூடத்தின் பின் வரிசையில் நாம் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் போதும்.